பச்சையாகவே இருந்த நான்கு மாதங்கள்

அன்புள்ள ஐயா,

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினொரு பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை வகிக்கிறேன். சென்ற திட்டத்தில் எங்கள் வாராந்திர அறிக்கை நான்கு மாதங்கள் பச்சையாகவே, அதாவது எல்லாம் சரியாகப் போகிறது என்று காட்டும் நிறத்திலேயே, இருந்தது. ஒப்படைக்க இரண்டு வாரம் இருக்கும்போது திடீரென்று சிவப்பாகிவிட்டது. இரவும் பகலும் உழைத்து, ஆறு வாரம் தாமதமாகக் கொடுத்தோம். எல்லோரும் களைத்துப்போனார்கள், இருவர் வேலையை விட்டே போய்விட்டார்கள். இனிமேல் அதிகமாக உழைப்பதைவிடப் புத்திசாலித்தனமாக உழைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு எந்தக் கருவியைப் பயன்படுத்தலாம், பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைத் தேர்வு எழுதினால் உதவுமா, கூடுதலாக நான்கு பேரைக் கேட்டு வாங்கலாமா?

‘பிரச்சினையோடு வராதீர்கள், தீர்வோடு வாருங்கள்’ என்று என் குழுவிடம் எப்போதும் சொல்வேன். ஆனாலும் எதையும் கடைசி நேரத்தில்தான் சொல்கிறார்கள். ஒருமுறை ஒரு பையன், வாடிக்கையாளர் இருந்த கூட்டத்திலேயே தேதிக்குள் முடியாது என்று சொல்லிவிட்டான். பிறகு அவனைத் தனியாக அழைத்துப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். தோல்வியைத் தன் தோளில் ஏற்றுக்கொண்ட, இஸ்ரோ தலைவராக இருந்த சதீஷ் தவனைப் போன்ற ஒரு தலைவராக வேண்டும் என்பதே என் ஆசை.

ஆர்., சென்னை

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் 1986இல் நடந்த அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோட விபத்தை விசாரித்த ராஜர்ஸ் ஆணையத்தின் அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரே வரியில் கடந்து சென்ற ஒரு விஷயம், அந்த அறிக்கையில் ஓர் அத்தியாயம் முழுவதும் விரிகிறது. வழக்கமாக இத்தகைய கடிதங்களுக்கு இரண்டு வரியில் பதில் எழுதுபவன், இம்முறை நீளமாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

உங்கள் மூன்று கேள்விகளையும் முதலில் முடித்துவிடுகிறேன். கருவி எதுவானாலும் சரி. உங்கள் நிறுவனம் ஏற்கெனவே எதற்குப் பணம் கட்டியிருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையை எக்செல்லில் எழுதினாலும் ஜிரா போன்ற திட்ட மேலாண்மை மென்பொருளில் எழுதினாலும் பொய் பொய்தான். தேர்வைத் தாராளமாக எழுதுங்கள், சம்பளம் கூடினால் வீட்டில் மகிழ்ச்சி அடைவார்கள். ஆட்களைக் கூட்டுவதைப் பற்றி, ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயங்குதளத்தை உருவாக்கும் பெரும்பணியை நடத்திய ஃப்ரெடரிக் புரூக்ஸ் 1975லேயே எழுதிவைத்துவிட்டார்: தாமதமாகிவிட்ட மென்பொருள் பணியில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதிதாக வருபவனுக்கு வேலையைக் கற்றுத்தர, வேலை தெரிந்தவன்தான் தன் வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் இவற்றைப் பற்றிப் பேச எனக்கு ஆர்வமில்லை.

சதீஷ் தவனுக்கு வருகிறேன். அந்தக் கதையைத் தமிழ்நாட்டில் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்எல்வி-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது; இஸ்ரோவின் தலைவரான தவன் செய்தியாளர்கள் முன் அமர்ந்து தோல்விக்குத் தானே பொறுப்பேற்றார்; 1980 ஜூலை 18 அன்று அடுத்த ஏவுதல் வெற்றி பெற்றபோது, திட்ட இயக்குநரான அப்துல் கலாமைச் செய்தியாளர் கூட்டத்தை நடத்தும்படி அனுப்பினார். கல்லூரி ஆண்டு விழாவில் தொடங்கி அலுவலகப் பயிலரங்கு வரை எல்லா மேடைகளிலும் இந்தக் கதை சொல்லப்படுகிறது. ஆனால், கலாம் தானே வெளிப்படையாகச் சொன்ன அதன் முற்பாதியை யாரும் திருப்பிச் சொல்வதில்லை. ஏவுவதற்குச் சில நிமிடங்களே இருந்தபோது, சரிபார்க்கும் கணினி ஏவுதலை நிறுத்திவைத்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ கோளாறு என்று காட்டியது. உடனிருந்த வல்லுநர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கவலைப்பட வேண்டியதில்லை என்றார்கள். கலாம் கணினியின் தடையைக் கடந்து ஏவ உத்தரவிட்டார். முதல் கட்டம் சரியாக இயங்கியது; இரண்டாம் கட்டத்தில் கோளாறு வெளிப்பட்டது. ஒரு பெரிய மனிதர் தன் முடிவின் கதையை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். நாமோ அதில் பொறுப்பேற்ற பகுதியை மட்டும் கண்ணீர் மல்கக் கேட்டுவிட்டு, எச்சரிக்கை வந்த பகுதியை விட்டுவிடுகிறோம். தோல்விக்குப் பிறகு பொறுப்பேற்பது உயர்ந்த குணம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு குழுத்தலைவரின் அன்றாட வேலை தோல்விக்கு முந்தைய மாதங்களில்தான் இருக்கிறது.

அங்கே இருந்தது ஓர் இயந்திரத்தின் எச்சரிக்கை. மனிதர்கள் எச்சரிக்கும்போது என்ன நடக்கிறது என்பதற்குத்தான் சேலஞ்சரைச் சொல்கிறேன். 1986 ஜனவரி 27 மாலை, மறுநாள் புளோரிடாவில் கடுங்குளிர் இருக்கும் என்று தெரிந்துவிட்டது. விண்ணோடத்தின் திண்ம எரிபொருள் ஊக்கிகளைச் செய்துகொடுத்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், யூட்டாவிலிருந்து தொலைபேசிக் கூட்டம் வழியாக நாசாவிடம் பேசினார்கள். ஊக்கியின் இணைப்புகளை அடைத்து நிற்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்து, நெகிழும் தன்மையை இழக்கும். ஆகவே 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக் கூடாது என்று எழுத்துமூலமாகவே பரிந்துரைத்தார்கள். அவர்களில் ஒருவரான ராஜர் பாய்ஜாலி, இந்த வளையங்களால் உயிரிழப்பே நேரக்கூடும் என்று 1985 ஜூலை 31 அன்றே தன் நிறுவனத்துக்குக் குறிப்பு எழுதியவர். நாசா தரப்பில் இருந்த லாரன்ஸ் முல்லாய் எரிச்சலோடு, ‘பிறகு எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், வரும் ஏப்ரலிலா?’ என்று கேட்டார்.

தயோகால் ஐந்து நிமிட அவகாசம் கேட்டுத் தொடர்பைத் துண்டித்தது. உள்ளே பேச்சு அரை மணி நேரம் நீண்டது. ஆர்னி தாம்ப்ஸன் என்ற பொறியாளர் தன் இடத்திலிருந்து எழுந்து மேலாளர்களின் மேசைக்குச் சென்று, அவர்கள் முன்னால் காகிதத்தை வைத்து இணைப்பின் படத்தை வரைந்து விளக்கிப் பார்த்தார். யாருக்கும் ஏறவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். பாய்ஜாலி புகைப்படங்களை எடுத்துக் காட்டி மன்றாடினார். மூத்த அதிகாரியான ஜெரால்ட் மேசன், பொறியியல் பிரிவின் தலைவரான ராபர்ட் லண்டைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியை அணிந்துகொள்ளுங்கள் என்றார். நான்கு மேலாளர்கள் சேர்ந்து முடிவெடுத்தார்கள். பொறியாளர்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. மறுநாள் காலை 11:38 மணிக்கு, ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் குளிரில், சேலஞ்சர் கிளம்பியது. 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

இதில் நான் திரும்பத் திரும்ப வாசித்த இடம் வேறு. ஏவுதலுக்கு இறுதி ஒப்புதல் தந்த உயர் அதிகாரிகளுக்கு, முந்தைய இரவில் அப்படி ஓர் எழுத்துப் பரிந்துரை வந்தது என்பதே தெரியாது என்று ஆணையம் பதிவு செய்கிறது. தகவல் இருந்தது, எழுத்தில் இருந்தது, அதைச் சொல்லத் துணிந்தவர்களும் இருந்தார்கள். நடுவில் இருந்த சிலர், இதை மேலே கொண்டுசெல்ல வேண்டியதில்லை, நம் மட்டத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். உங்களையும் என்னையும் போல, மேலே நல்ல பெயரும் கீழே அமைதியும் வேண்டும் என்று நினைத்தவர்கள்.

இப்போது உங்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அல்லது கோபித்துக்கொண்டாவது கேளுங்கள். ‘பிரச்சினையோடு வராதீர்கள், தீர்வோடு வாருங்கள்’ என்ற வாக்கியத்தை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கேட்பதற்கு அது கம்பீரமாகத்தான் இருக்கிறது. இரண்டாண்டு அனுபவமுள்ள ஒரு பெண், வேறொரு குழுவிடமிருந்து வர வேண்டிய இடைமுகம், அதாவது இரு மென்பொருள்களை இணைக்கும் பகுதி, வரவே போவதில்லை என்பதைக் கண்டுபிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அவளிடம் தீர்வு கிடையாது, இருக்கவும் முடியாது. தீர்வு உங்கள் மேலாளரும் அந்தக் குழுவின் மேலாளரும் பேசுவதில்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் போட்ட சட்டத்தின்படி, தீர்வு கிடைக்கும்வரை அவள் உங்கள் மேசைக்கு வரக் கூடாது. எனவே வரமாட்டாள். ‘தொண்ணூறு சதவீதம் முடிந்தது’ என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டிருப்பாள். எளிய பிரச்சினைகளுக்குத்தான் கையோடு தீர்வு இருக்கும். ஆகவே எளியவை உங்களிடம் உடனே வந்துவிடும், கடினமானவை மட்டும் கடைசி இரண்டு வாரத்துக்குக் காத்திருக்கும். உங்கள் குழு உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்டதை அப்படியே செய்திருக்கிறது.

அந்தப் பையனை ‘பக்குவமாக’ என்ன சொல்லி அனுப்பினீர்கள்? நீங்கள் குரலை உயர்த்தியிருக்க மாட்டீர்கள், உங்கள் கடிதத்தின் பண்பே அதைச் சொல்கிறது. ஆனால் கூட்டம் முடிந்ததும் அவன் மட்டும் தனியாக அழைக்கப்பட்டதை மற்ற பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் நீங்கள் எவ்வளவு அன்பாகப் பேசினீர்கள் என்பது அவர்களுக்குக் கேட்டிருக்காது. வேலையை விட்டுப்போன இருவரில் அவனும் ஒருவனா என்று நீங்கள் எழுதவில்லை. நான் அதை ஊகிக்க விரும்பவில்லை.

என் இருபதுகளில் ஓர் ஆற்றுப் பாலக் கட்டுமானத்தில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். மணல் படுகை. பைல் என்னும் அடித்தளத் தூணுக்காக ஆழமாகத் துளையிட்டு, பக்கங்கள் சரியாமலிருக்க பெண்டோனைட் என்ற களிமண் குழம்பை நிரப்பி, ட்ரெமி என்னும் நீண்ட குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட்டை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். கான்கிரீட் உயர உயரக் குழாயையும் உயர்த்துவார்கள். ஆனால் குழாயின் வாய் எப்போதும் ஈரக் கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். அது வெளியே வந்துவிட்டால் குழம்பு உள்ளே கலந்து, அந்த இடத்தில் பைல் வலுவிழந்துவிடும். மறுநாள் காலையில் பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தரைக்கு மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஓர் இரவு ஷிப்டில் அது நடந்தது. பொறுப்பில் இருந்தவன் டிப்ளமோ முடித்து வந்து சில மாதங்களே ஆன ஒரு சூப்பர்வைசர். கிரேன்காரர் குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டார். ‘விடுங்க தம்பி, மேலே ஊத்திட்டா எல்லாம் ஒண்ணுதான், மண்ணுக்குள்ள யாரு போய்ப் பாக்கப்போறா’ என்றார் மேஸ்திரி. பையன் விடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, தளத்துக்குப் பொறுப்பான மூத்த பொறியாளர் வந்து ஜீப்பிலிருந்து இறங்கியதுமே போய்ச் சொல்லிவிட்டான். எங்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அவர் மகா முன்கோபி. அவர் பையனை உட்காரச் சொன்னார். எந்த ஆழத்தில், எத்தனை மணிக்கு, மறுபடி ஊற்றத் தொடங்க எவ்வளவு நேரமாயிற்று என்ற மூன்றையும் கேட்டு, பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினார். அன்று மதியமே ஆலோசகருக்குத் தகவல் போயிற்று. அந்த பைலைக் கணக்கிலிருந்து நீக்கி, இருபுறமும் இரண்டு புதிய பைல்கள் போட்டு, மேலே வரும் கான்கிரீட் தொப்பியைப் பெரிதாக்கி வரைந்தார்கள். பணமும் நாளும் போயின. அதன் பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது; அதில் குழாய் ஏன் தூக்கப்பட்டது என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, ‘விடுங்க தம்பி’ என்று சொன்னதைப் பற்றித்தான் முழுவதும். எல்லோரும் அவரிடம் உண்மையைச் சொன்னதற்கு அவருடைய மென்மை காரணமல்ல. எதற்குத் திட்டுவார், எதற்குத் திட்ட மாட்டார் என்பது கடைநிலைக் கூலியாள்வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நனைந்த சிமெண்ட் மூட்டை முதல் குறைந்துவந்த கம்பிவரை எல்லாச் செய்தியும் காலை ஒன்பது மணிக்குள் அவருக்கு வந்துவிடும்.

உங்கள் துறையில் வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்று இருக்கும் அறிக்கையைத் தர்பூசணி என்று கேலி செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். 2006இல் ஆலன் முலாலி போயிங்கிலிருந்து ஃபோர்டு நிறுவனத்தின் தலைவராக வந்தபோது அவரும் அதைத்தான் கண்டார். அந்த ஆண்டு நிறுவனத்தின் நட்டம் 1200 கோடி டாலருக்கும் அதிகம். ஆனால் வியாழக்கிழமைக் கூட்டங்களில் ஒவ்வொரு மேலாளரும் பச்சை வண்ண அட்டவணையையே காட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற மேலாளர், கனடாவின் ஓக்வில் ஆலையில் எட்ஜ் என்ற புதிய காரை வெளியிட முடியாமல் இருப்பதைச் சிவப்பில் காட்டினார். அவருடைய வேலை போயிற்று என்று அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார், பிறகு, இதில் ஃபீல்ட்ஸுக்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். சில வாரங்களில் மற்றவர்களின் அட்டவணைகளிலும் மஞ்சளும் சிவப்பும் வரத் தொடங்கின. 2014இல் முலாலிக்குப் பிறகு அந்த நிறுவனத்தின் தலைவரானவர் அதே ஃபீல்ட்ஸ். இதை நான் சொல்வது கைதட்டலுக்காக அல்ல. நம் அலுவலகங்களில் கைதட்டினால் கேலி என்றே நினைப்பார்கள். எல்லோர் முன்னிலையிலும் செய்தார் என்பதுதான் முக்கியம். நீங்கள் செய்ததற்கு நேர் எதிர் அது.

உங்கள் நிலைமை எனக்குப் புரியாமலில்லை. மேலே இருப்பவர் பச்சையைத்தான் கேட்கிறார், கீழே இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள், நடுவில் முப்பது வயதில் நீங்கள் தூக்கமில்லாமல் நிற்கிறீர்கள். உங்களை வருத்துவதற்காக இதை எழுதவில்லை. அடுத்த கூட்டத்தில் எவ்வளவு முடிந்தது என்று கேட்காமல், சென்ற வாரம் இருந்ததைவிட எது மோசமாகியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வயதில் இளையவரிடமிருந்து தொடங்குங்கள். மூத்தவர் பேசிவிட்டால் இளையவர் அதையேதான் திருப்பிச் சொல்வார். முதல் சில வாரங்கள் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். யாராவது திறக்கும் நாளில் உங்கள் முகத்தை அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

வாடிக்கையாளர் முன்னால் சொன்னதுதான் தவறு என்று நீங்கள் இன்னும் வாதிடலாம். தாமதமாகும் என்பதை மூன்றாம் மாதத்திலேயே கேட்டிருந்தால் அவர் சத்தம் போட்டிருப்பார்தான். ஆனால் முதல் வெளியீட்டில் எந்தெந்த வசதிகளை விட்டுவிடலாம் என்று உங்களோடு உட்கார்ந்து பேச அவருக்கு அவகாசமும் இருந்திருக்கும். ஒப்படைக்க இரண்டே வாரம் இருக்கையில் சொன்னபோது அவரால் சத்தம் மட்டுமே போட முடிந்தது. அடுத்த திட்டத்தின் முதல் மாத அறிக்கையில், உண்மையிலேயே மஞ்சளாக இருக்கும் ஒன்றை மஞ்சளாகவே அவரிடம் காட்டுங்கள். உங்கள் மேலாளரிடம் முந்தைய நாளே சொல்லிவிட்டுக் காட்டுங்கள். இருவரும் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.