பண்டைய ஏதென்ஸில் பேச்சுத் திறமைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

முக்கியக் காரணம், அங்கே உங்களுக்காக வாதாட வக்கீல் கிடையாது. வழக்கு என்று வந்தால் வாதியும் பிரதிவாதியும் தாங்களே எழுந்து பேச வேண்டும். கேட்பவர்கள் 201 பேர், 501 பேர் என்று குலுக்கலில் வந்த சாதாரணக் குடிமக்கள். நேரம் அளக்க வைத்த பானைத் தண்ணீர் வடிந்து தீர்வதற்குள் பேச்சை முடிக்க வேண்டும். அப்புறம் கூடிப் பேசுவதெல்லாம் இல்லை, நேராக வாக்கெடுப்புதான்.

சரி, பேச வராதவர்? காசு கொடுத்து எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொள்வார். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் எனக்குப் பிடித்தவர் லிசியாஸ். ஏதென்ஸில் வாழ்ந்தும் குடியுரிமை இல்லாதவர். அவர் பெயரில் வரும் ஓர் உரையில், தினம் ஓர் ஓபோல் (சிறு வெள்ளிக் காசு) உதவித்தொகை வாங்கும் கால் ஊனமுற்ற ஒருவர், நகர நிர்வாகத்தைக் கவனித்த ஐந்நூற்றுவர் மன்றத்தின் முன் பேசுகிறார். குதிரை ஏறுகிற ஆளுக்கு உதவித்தொகை எதற்கு என்பது புகார். வசதி இருந்தால் சொந்தமாகக் கோவேறு கழுதை வைத்திருப்பேனே, இரவல் குதிரை எதற்கு என்கிறார் அவர். மற்றவர்கள் ஒரு கைத்தடி ஊன்ற, நான் இரண்டு ஊன்றுகிறேன், அதையும் என் பலத்துக்குச் சாட்சி என்பீர்களா என்று மடக்குகிறார். நக்கல்தான், ஆனால் வேலை செய்யும் நக்கல்.

அரசியலிலும் இதே கதை. பினிக்ஸ் குன்றில் கூடும் மக்கள் சபையில் எந்தக் குடிமகனும் பேசலாம். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. கி.மு. 427-இல், ஏதென்ஸை எதிர்த்துக் கலகம் செய்த மிட்டிலீனி நகரத்தின் ஆண்கள் அனைவரையும் கொல்லச் சபை முடிவெடுத்தது. மறுநாள் கிளியோன் அதையே வலியுறுத்த, டியோடோட்டஸ் எதிர்த்துப் பேசினார். சிறு வித்தியாசத்தில் முடிவு மாறியது. கொல்லும் உத்தரவோடு முந்தைய நாளே ஒரு கப்பல் கிளம்பியிருந்தது; இரண்டாவது கப்பல் விரைந்து போய் அந்த ஒட்டுமொத்தக் கொலையைத் தடுத்தது.