சட்டையில் ஒட்டிய புகையும் ஒன்பது மாதப் பாப்பாவும்

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு ஊர். வயது 32. சொந்த லாரி, நானே ஓட்டுகிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட் ஆகிறது. ஒன்பது மாதத்தில் பெண் குழந்தை இருக்கிறது. பாப்பா பிறந்த நாளிலிருந்து வீட்டுக்குள் நான் பற்றவைத்ததே இல்லை, மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். ஆனாலும் குளித்துச் சட்டை மாற்றாமல் பாப்பாவைத் தொடக்கூடாது என்கிறாள் மனைவி. துணியில் ஒட்டியிருக்கும் புகையே குழந்தைக்கு ஆகாது என்று எங்கோ படித்திருக்கிறாள். போன வாரம் ஒன்பது நாள் லோடு முடிந்து ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பாப்பா விழித்துக்கொண்டு கையை நீட்டியது. "ஏனுங்க, குளிச்சிட்டு வாங்க" என்று இவள் பிள்ளையோடு திரும்பிக்கொண்டாள். கோபத்தில் மாடிக்குப் போய் இன்னும் இரண்டு பிடித்துவிட்டு அங்கேயே படுத்துவிட்டேன். என் அப்பா பீடி பிடிப்பவர். "என்னைத் தள்ளி வெச்ச மாதிரி இருக்குது" என்று ஒரு வாரமாகப் பேத்தியைத் தூக்குவதில்லை.

பட்டறைப் பக்கத்து டீக்கடையில் இதைச் சொன்னால் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். "எங்கப்பன் தொட்டில் பக்கத்துலயே பீடி குடிச்சாரு, நாங்க என்ன செத்தா போனோம்" என்கிறார் ஒருவர். "புகையே இல்லாதபோது என்ன கெடுதல், நாம முழுங்கற டீசல் புகைக்கு முன்னால இது எம்மாத்திரம்" என்கிறார் இன்னொருவர். சிகரெட்டை விட்டுவிட்ட நண்பர் ஒருவரோ, "நிறுத்தற வரைக்கும் பிள்ளையைத் தொடாதே, உன் உடம்பு பூரா விஷம்" என்கிறார். யார் சொல்வது சரி?

- பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள தம்பி, உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு மணியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்பது நாள் கழித்து வருகிற அப்பாவைப் பார்த்துப் பிள்ளை கை நீட்டுகிறது, தூக்க முடியவில்லை. அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும், உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. சொன்ன நேரமும் விதமும் வேறாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

மொட்டை மாடிக்குப் போகிறீர்களே, அது வீண் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சான் டியேகோவில் கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகளை ஆராய்ந்து 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வீட்டுக்குள்ளேயே புகைத்தவர்களின் குழந்தைகளுக்குப் புகையிலை நச்சு போய்ச் சேர்வது, வெளியே போய்ப் புகைத்தவர்களின் குழந்தைகளைவிட 3 முதல் 8 மடங்கு அதிகம். மாடிக்குப் போனதால் உங்கள் பாப்பா தப்பியது அந்த அளவு. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. வெளியே மட்டும் புகைத்தவர்களின் வீடுகளில்கூட, யாருமே புகைக்காத வீடுகளைவிட 5 முதல் 7 மடங்கு அதிகம். கதவைச் சாத்திவிட்டு வெளியே பிடித்தவர்கள்தாம் அவர்களும். பிறகு எப்படி உள்ளே வந்தது? அவர்கள் மேலேயே ஏறி வந்தது. சட்டை, விரல், மீசை, தலைமுடி. சிகரெட்டை அணைத்தவுடன் உள்ளே வந்தால் மூச்சிலும் கொஞ்ச நேரம் வருகிறது.

இப்படிப் படிந்து நிற்கிற எச்சத்தை மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். பிடிப்பவர் இழுப்பது முதல் நிலை, பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பது இரண்டாம் நிலை, புகை கலைந்த பிறகு துணியிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருப்பது மூன்றாம் நிலை. 2009இல் பாஸ்டன் குழந்தை மருத்துவர் ஒருவரும் அவருடைய குழுவும் எழுதிய கட்டுரை வழியாகத்தான் இந்தப் பெயர் பரவியது. அமெரிக்கக் குடும்பங்களில் அவர்கள் கேட்டபோது, இந்த எச்சம் குழந்தைகளுக்குக் கெடுதல் என்று நம்பியவர்கள் புகைக்காதவர்களில் 65 சதவீதம், புகைப்பவர்களில் 43 சதவீதம். அதாவது உங்கள் டீக்கடைப் பேச்சு அங்கேயும் நடந்திருக்கிறது.

எனக்கு இதைப் புரிய வைத்தது எங்கள் அப்பா உட்கார்ந்த மூலை. சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி முப்பது வருஷம் சிகரெட் பிடித்தார். அவர் போன பிறகு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தோம். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினால், அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக ஒரு சதுரம், சுற்றிலும் டிகாஷன் நிறம். ஈரத்துணியால் துடைத்தேன், பக்கெட் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. பெயிண்டர் சொன்னார்: "கழுவாம அடிச்சா மேல வந்துரும்மா." நேரமில்லை என்று அப்படியே இரண்டு கோட் அடிக்கச் சொன்னோம். ஒரு மாதத்தில் நாற்காலிக்கு நேர் மேலே மஞ்சள் திட்டு எட்டிப் பார்த்தது. அந்த மூலையில் புகைத்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் என் மகன் எழுந்து நிற்கப் பழகினான். அந்தக் கையை அப்படியே வாயில் வைப்பான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

இனி உங்கள் நண்பர்களுக்கு வருகிறேன். "நாங்க என்ன செத்தா போனோம்" என்றவருக்கு: செத்தவர்கள் டீக்கடைக்கு வந்து பேச முடியாது. நம் சின்ன வயதில் காதில் சீழ் வடிந்த பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள், மார்கழி வந்தால் இழுப்பு வந்து தூங்காத பிள்ளைகள் இருந்தார்கள். யாரும் அதைப் பீடியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் பிடிக்கிற புகையால் குழந்தைக்குக் காது நோய், இழுப்பு, மூச்சுக்குழல் தொற்று வரும், தூக்கத்திலேயே பச்சைக் குழந்தை இறந்துபோகிற ஆபத்தும் கூடும் என்பது நன்றாக நிரூபணமான விஷயம்.

டீசல் நண்பர் சொன்னதை நீங்கள் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், ஏனென்றால் அவர் சொன்ன டீசலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. புகையிலையில் இருக்கிற நிக்கோட்டின் போய் ஒட்டினால் சும்மா இருப்பதில்லை. காற்றிலே நைட்ரஸ் அமிலம் என்று ஒன்று கொஞ்சம் இருக்கும். நம் கேஸ் அடுப்பிலிருந்தும் வரும், வண்டி எஞ்சினிலிருந்தும் வரும். படிந்த நிக்கோட்டினோடு அது சேர்ந்தால் நைட்ரோசமைன் என்கிற பொருள்கள் உண்டாகின்றன. அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2010இல் இதைக் கண்டுபிடித்தபோது, வெறும் சோதனைக் கூடத்தோடு விடவில்லை. நிறையப் புகைக்கும் ஒருவருடைய டிரக்கின் உள்ளேயும் தேடினார்கள். அங்கேயும் இருந்தது. ஆக, புகை போன பிறகும் அந்த இடம் புதிதாக நஞ்சைச் செய்துகொண்டிருக்கிறது. உங்கள் கேபினை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பிடித்திருப்பீர்கள். சீட் கவர், ஜன்னல் திரை, ஸ்டியரிங் உறை எல்லாவற்றிலும் அது இருக்கும். ஆயுத பூஜையன்று பிள்ளையை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்துப் படம் எடுக்காத லாரிக்காரர் உண்டா? அந்த வயதுப் பிள்ளை முதலில் செய்வது, குனிந்து அதை நக்குவது.

டீசல் கெடுதல்தான், தம்பி. அதற்காக இதையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று ஆகாது.

சரி, இந்த எச்சம் மட்டுமே ஒரு குழந்தைக்கு எத்தனை வருஷத்தில் என்ன செய்யும் என்று கணக்காகச் சொல்ல முடியுமா? இன்றைக்கு யாராலும் முடியாது. எச்சம் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் புகையும் இருக்கிறது, இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். எலிகளை வைத்துச் செய்த சோதனைகளில் நுரையீரலும் ஈரலும் கெட்டிருக்கின்றன. புகைப்பவர்களின் பிள்ளைகளின் உள்ளங்கையைத் துடைத்து எடுத்துப் பார்த்தால் நிக்கோட்டின் இருக்கிறது. ஆகவே நேரடிப் புகையைத் தடுப்பதுதான் முதல் வேலை, எச்சம் அதற்கு அடுத்தது. இந்த வரிசையை மனைவியும் தெரிந்துகொள்வது நல்லது. சட்டையில் வந்த ஒரு வாசனைக்காக அவர் நடுங்க வேண்டியதில்லை. உங்கள் அப்பா திண்ணையில் பீடி பிடிக்கும்போது புகை ஜன்னல் வழியாகத் தொட்டிலுக்கு வருகிறதா என்று பார்க்கட்டும், அது இதைவிடப் பெரிய விஷயம்.

துணியில் வருவது ஒன்றுமில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தில், புகைக்கத் தடையுள்ள ஒரு திரையரங்கின் காற்றை அளந்து 2020இல் வெளியிட்டார்கள். உள்ளே ஒருவர்கூடப் பற்றவைக்கவில்லை. ஆனால் புகைத்துவிட்டு வந்தவர்களின் உடம்பிலும் உடையிலும் இருந்து கிளம்பியது, 1 முதல் 10 சிகரெட் வரை பக்கத்தில் பிடித்தால் சுவாசிக்கிற அளவுக்கு இருந்தது. அவ்வளவு பெரிய அரங்கத்திலேயே அப்படி. உங்கள் பாப்பாவின் மூக்கு உங்கள் தோளில் அல்லவா இருக்கிறது.

"தொடாதே" என்ற நண்பர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். தூக்காமல் இருக்காதீர்கள். கழுவிவிட்டுத் தூக்குங்கள். லாரியில் மாற்றுச் சட்டையும் ஒரு கைலியும் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கடைசி சிகரெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வரும் வழியிலேயே மனைவிக்கு ஒரு போன் செய்தால் வெந்நீர் போட்டு வைப்பார். ராத்திரி இரண்டு மணிக்குக் குளிக்க முடியாவிட்டால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், முகத்தையும் மீசையையும் விடாதீர்கள், சட்டையை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிடுங்கள். அப்புறம் உங்கள் செல்போன். சிகரெட் பிடித்த கையாலேயே நாள் முழுக்கத் தடவுகிறீர்கள், அழுதால் அதைத்தான் பிள்ளை கையில் கொடுக்கிறோம். ஈரத்துணியால் துடைத்துக் கொடுங்கள், கொடுக்காமலே இருந்தால் இன்னும் நல்லது. கேபினில் இனிப் பிடிக்கவே வேண்டாம். ஒருமுறை சீட் கவரையும் திரையையும் கழற்றித் துவைத்துவிட்டு, மற்ற இடங்களைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுங்கள். ஊதுவத்தி ஏற்றுவதும் வாசனை டப்பா தொங்கவிடுவதும் நாற்றத்தை மறைக்கும், படிந்ததை எடுக்காது.

உங்கள் அப்பாவிடம் பேச வேண்டியது நீங்கள், மருமகள் இல்லை. ஆராய்ச்சி, அமெரிக்கா என்றெல்லாம் அவரிடம் எடுக்க வேண்டாம். பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வெளியிலிருந்து யார் வந்தாலும் கைகால் கழுவிவிட்டுத்தான் பிள்ளைப் பக்கம் போக வேண்டும் என்று அவருடைய அம்மா சொல்லியிருப்பார். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் அவர் உள்ளே வந்திருப்பாரா? அதையே சொல்லுங்கள், அவருக்குப் புரியும். தள்ளி வைப்பதாகத் தோன்றாது. அவர் தோளில் கிடக்கிற துண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். பீடி பிடித்த வாயை அதில்தான் துடைக்கிறார், பேத்தியைத் தூக்கினால் அவள் கன்னம் பதிவதும் பல் முளைக்கிற ஈறால் அவள் கடிப்பதும் அதே துண்டைத்தான். நாலு புதுத் துண்டு வாங்கிக் கொடுங்கள், அப்பாருக்குப் பாப்பா வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லி. பிள்ளையைத் தூக்கும்போது தோளில் அதுதான் இருக்க வேண்டும்.

நிறுத்துவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மேலே சொன்ன எல்லா வேலையும் நிறுத்தினால் இல்லாமல் போகும் என்பதால் சொல்கிறேன். இரவு ஓட்டத்தில் தூக்கம் வராமல் இருக்கத்தான் பிடிக்கிறேன் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள், உங்களுக்கும் அது இருக்கலாம். அதற்கு வழி சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 1800-11-2356 என்ற தேசிய இலவச எண் சிகரெட் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும், கூப்பிட்டால் ஆலோசனை சொல்வார்கள். மெல்லுகிற நிக்கோட்டின் கம், தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பட்டை எல்லாம் டாக்டரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். சிகரெட்டுக்குப் பதில் வாயில் புகையிலை அடக்க ஆரம்பித்துவிடாதீர்கள், லாரி லைனில் பலர் அப்படித்தான் மாறுகிறார்கள்.

பாப்பாவுக்கு அடிக்கடி சளி பிடித்து நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ, காதைப் பிடித்துக்கொண்டு அழுதாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் இரண்டு பேர் புகைக்கிறோம் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த லோடுக்குக் கிளம்பும் முன் மனைவியிடம் அந்த ராத்திரியைப் பற்றி நீங்களாகவே பேச்சை எடுங்கள். அன்றைக்கு அவரும் தூங்கியிருக்க மாட்டார்.