ஒரே முகவரிதான் தெரிகிறது!

கேள்வி: தோட்டப்பாளையத்தில் 22 அறைகள் கொண்ட லாட்ஜ் நடத்துகிறேன். வைத்தியத்துக்காக வங்காளம், ஆந்திரா பக்கமிருந்து வருபவர்கள்தான் அதிகம் தங்குகிறார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வீடியோ கால் திக்குகிறதாம். எந்த அறை லைனை இழுக்கிறது என்று பார்க்க, எங்களுடைய பழைய சிஸ்கோ ரவுட்டரில் நெட்ஃப்ளோ (எந்த முகவரிக்கு எவ்வளவு டேட்டா போகிறது என்று ரவுட்டர் கணக்கு எழுதும் வசதி) போட்டேன். டவுன்லோட் எல்லாம் ஒரே ஐபி முகவரிக்குப் போவதாகக் காட்டுகிறது. ஏன்?
– வாசகர், வேலூர்

பதில்: இன்டர்நெட் லைன் வந்து சேரும் போர்ட்டில் போட்டிருப்பீர்கள். அங்கே 22 அறைகளுக்கும் சேர்த்து ஒரே பொது முகவரிதான். வரும் டேட்டாவை எந்த அறைக்கு என்று ரவுட்டர் பிரிப்பதற்கு முன்பே கணக்கு எழுதப்பட்டுவிடுகிறது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி அலுவலகத்தில் நானும் இதே தவறைச் செய்து இரண்டு நாள் அலைந்தேன்.

அங்கிருந்து எடுத்துவிட்டு, அறைகள் பக்கம் இருக்கும் போர்ட்டில் 'ஐபி ஃப்ளோ இன்க்ரஸ்' (ரவுட்டருக்குள் வருவதை எண்ண), 'ஐபி ஃப்ளோ ஈக்ரஸ்' (ரவுட்டரிலிருந்து வெளியே போவதை எண்ண) இரண்டையும் போடுங்கள். அறைக்குள் போகும் டேட்டா ஈக்ரஸில்தான் பிடிபடும். இரண்டு போர்ட்டிலும் போட்டால் ஒரே டேட்டா இரண்டு தடவை கணக்காகும். ரவுட்டர் கணக்கை அனுப்பும் வடிவம், அதாவது ஏற்றுமதிப் பதிப்பு, 9 ஆக இருக்கட்டும். 5-இல் உள்ளே, வெளியே என்று திசை குறிக்க இடமே கிடையாது.

அப்புறம், ஆக்டிவ் டைம்அவுட், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் டவுன்லோடின் கணக்கை ரவுட்டர் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை அனுப்பும் என்பது. சிஸ்கோவில் மாற்றாமல் விட்டால் 30 நிமிடம். எட்டு மணிக்குத் தொடங்கிய பெரிய டவுன்லோட் எட்டரைக்குத்தான் கணக்கில் வரும், அதற்குள் எல்லோரும் பேசி முடித்திருப்பார்கள். 1 நிமிடமாகக் குறையுங்கள். ரவுட்டரின் கடிகாரத்தையும் என்டிபி (நெட் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) வைத்துச் சரி செய்யுங்கள். கணக்கை வாங்கிக்கொள்ள ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்எஃப்டம்ப் என்ற மென்பொருள் போதும், இலவசம். கணக்கு அதற்கு வந்து சேர யுடிபி 2055 போர்ட்டைத் திறந்துவையுங்கள் (இது கேபிள் செருகும் போர்ட் அல்ல, மென்பொருள் பயன்படுத்தும் எண்).

எந்த அறை என்று தெரிந்ததும் உடனே கட் பண்ணிவிடாதீர்கள். பாதி நேரம் அது போனிலிருந்து போட்டோக்கள் தானாக பேக்கப் ஆவதாகத்தான் இருக்கும். போன் வைத்திருப்பவருக்கே தெரியாது. கதவைத் தட்டிச் சொன்னால் நிறுத்திவிடுவார்.

நெட்ஃப்ளோ கணக்கில் யார் என்ன பேசினார்கள் என்பது தெரியாது. எந்த முகவரி, எந்த போர்ட், எத்தனை பைட், எப்போது என்பது மட்டும்தான். ஆனாலும் அவை வைத்தியத்துக்கு வந்தவர்களின் விவரங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்காமல் அழித்துவிடுங்கள்.