மகளுக்கு முதுமை ஆராய்ச்சியில் ஆசை: முதலில் கணக்கை விடாதீர்கள்

வணக்கம் அம்மா,

நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். மகள் கிரேடு 9. வீட்டில் ஆயாவின் (பாட்டியின்) சுகரையும், கால் மரத்துப்போய் அவர் படும் பாட்டையும் பார்த்துப் பார்த்து, மனிதருக்கு ஏன் வயதாகிறது என்று படிக்கப் போகிறேன் என்கிறாள். எங்கிருந்தோ எபிஜெனெடிக்ஸ் (டிஎன்ஏ எழுத்து மாறாமலே மரபணுவின் வேலை மாறுவதைப் பற்றிய படிப்பு) என்ற சொல்லையும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் அப்பாவுக்கு அவளை டாக்டராக்க ஆசை. உங்களுக்கோ, நாகர்கோவிலிலிருந்து கட்டிக்கொடுத்து டர்பனின் சாட்ஸ்வர்த் வந்து இத்தனை பாடுபட்டது இந்தப் பிள்ளைக்காக, இந்தப் படிப்பு சோறு போடுமா என்ற கவலை. கடைசி வரியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மேத்ஸில் 54 சதவீதம்தான் வருகிறது, மேத்ஸுக்குப் பதிலாக எடுக்கக்கூடிய எளிய அன்றாடக் கணக்குப் பாடமான மேத்ஸ் லிட்டரசிக்கு மாற்றினால் மொத்த மார்க் ஏறும் என்று பள்ளியில் சொன்னார்களாம்.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். மாற்றாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய இன்னும் வருடங்கள் இருக்கின்றன. கிரேடு 10-க்கான இந்தப் பாடத் தேர்வுப் படிவத்துக்கு மட்டும் அவகாசம் இல்லை.

காரணம் சொல்கிறேன். நம் டிஎன்ஏ எழுத்துகள் பிறந்ததிலிருந்து பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஆனால் அவற்றின் மேல் மீத்தைல் என்ற சிறிய வேதிக்கூறு அங்கங்கே ஒட்டிக்கொள்கிறது, வேறு இடங்களில் உதிர்ந்துபோகிறது. எந்த மரபணு வேலை செய்யும், எது அடங்கிக் கிடக்கும் என்பதில் இந்த ஒட்டலுக்குப் பங்கு உண்டு. வயது ஏற ஏற இது ஒரு ஒழுங்கோடு மாறுகிறது. 2013-ல் ஸ்டீவ் ஹார்வாத் என்பவர் இந்த மாற்றத்தை மட்டும் வைத்து ஒருவரின் வயதைக் கணிக்கும் 'கடிகாரம்' ஒன்றை வெளியிட்டார். 51 வகைத் திசுக்களிலிருந்தும் உயிரணுக்களிலிருந்தும் எடுத்த சுமார் 8,000 மாதிரிகளின் தரவு அதற்கு அடிப்படை.

அந்தக் கடிகாரத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது கணக்குதான் அம்மா. டிஎன்ஏ-யில் 353 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் மீத்தைல் எவ்வளவு என்பதற்கு 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண். ஒவ்வோர் எண்ணையும் அதற்குரிய எடையால் பெருக்க வேண்டும், எல்லாவற்றையும் கூட்ட வேண்டும், வருகிற தொகையை ஒரு சூத்திரத்தில் போட்டு வயதாக மாற்ற வேண்டும். அந்தச் சூத்திரம் 20 வயது வரை லாகரிதம், அதற்கு மேல் நேர்கோடு. லாகரிதம் கிரேடு 12 மேத்ஸில் வருகிறது, லிட்டரசியில் இல்லை. ஹார்வாத் முதலில் முனைவர் பட்டம் வாங்கியதே கணிதத்தில்தான், அதன் பிறகு ஹார்வர்டில் உயிரிப் புள்ளியியல். பெரும்பாலும் பிறர் ஏற்கெனவே வெளியிட்டிருந்த தரவைத் திரட்டி, கணினியில் உட்கார்ந்துதான் அவர் இதைச் செய்தார்.

மேத்ஸ் லிட்டரசியைக் குறைத்துப் பேசவில்லை. சம்பளச் சீட்டு, கடன் வட்டி, வரைபடம் என்று வாழ்க்கைக்கு உதவுகிற பாடம், பல பிள்ளைகளுக்கு அதுவே சரி. ஆனால் குவாசுலு-நேட்டால், விட்ஸ் (ஜோஹன்னஸ்பர்க்), கேப் டவுன் பல்கலைக்கழகங்களில் பிஎஸ்சி அறிவியலுக்கு அது செல்லாது. மருத்துவத்துக்கும் செல்லாது. அப்பாவின் ஆசை, மகளின் ஆசை இரண்டும் ஒரே கையெழுத்தில் போய்விடும். மேத்ஸ் எடுத்துவிட்டு முடியாமல் போனால் லிட்டரசிக்கு இறங்கலாம், அது வழக்கமாக நடக்கிறது. இறங்கியவர்கள் ஏறுவது மிகக் கடினம். கிரேடு 9-ல் 54 என்பது சீட்டைக் கிழிக்கிற மார்க்கும் இல்லை.

சரி, படித்தால் வேலை உண்டா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிஎஸ்சி மூன்று வருடம், ஆனர்ஸ் ஒன்று, மாஸ்டர்ஸ் இரண்டு, முனைவர் பட்டம் குறைந்தது மூன்று. மெட்ரிக்குக்கு (கிரேடு 12-க்கு) பிறகு ஒன்பது வருடம். வெறும் உயிரியல் பிஎஸ்சியோடு நின்றால் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம், இதை எந்தப் பெற்றோரிடமும் நான் மறைப்பதில்லை. அதனால் இரண்டு காலிலும் நிற்கச் சொல்கிறேன்: உயிர்வேதியியல் அல்லது மரபியல் ஒரு கால், புள்ளியியல் இன்னொரு கால். அப்படிப் படித்த பெண் ஆனர்ஸ் முடித்து ஆராய்ச்சி வேண்டாம் என்று சொன்னாலும், மருந்துச் சோதனைகளின் தரவைப் பார்க்க, மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பு) நிறுவனங்களில் கணக்கிட, ஆய்வகத் தரவை அலச ஆள் தேவைப்படும் இடங்கள் உண்டு. மனிதர்களோடு பேசப் பிடிக்கிறது என்றால் கேப் டவுனிலும் விட்ஸிலும் மரபியல் ஆலோசகர் ஆவதற்கு இரண்டு வருட மாஸ்டர்ஸ் இருக்கிறது. எங்கே இறங்கினாலும் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும், அதுதான் என் கணக்கு.

'முதுமை எபிஜெனெடிக்ஸ்' என்று முதல் பட்டத்திலேயே தேடாதீர்கள். அவள் முனைவர் பட்டம் முடிக்கும்போது இந்தத் துறை வேறு முகத்தோடு இருக்கும். மீத்தைல் மாற்றம் முதுமைக்குக் காரணமா, வெறும் அடையாளமா என்பதே இன்னும் தீராத கேள்வி. இன்றைய தலைப்பு பழசாகிப் போகலாம், புள்ளியியல் பழசாகாது.

பணம்: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் முதல் பட்டத்துக்கு அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனர்ஸிலிருந்து தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகையைப் பார்க்க வேண்டும். அது உதவித்தொகைதான், சம்பளம் ஆகாது. அவள் வயதுப் பிள்ளைகள் கார் வாங்கும்போது இவள் இன்னும் மாணவியாக இருப்பாள். இதை இப்போதே வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் வெளிநாடு போக வேண்டுமோ என்று கேட்டிருந்தீர்கள். பெரும் பணம் அங்கேதான். 2022-ல் ஆல்டோஸ் லேப்ஸ் என்ற நிறுவனம் 300 கோடி டாலரோடு கலிஃபோர்னியாவிலும் கேம்பிரிட்ஜிலும் தொடங்கியது. ஆனால் நல்ல கேள்விகள் நம் ஊரில் கிடக்கின்றன. எச்ஐவி உள்ளவர்களின் இரத்தத்தில் இந்தக் கடிகாரம் சுமார் 5 வருடம் முந்தி ஓடுவதாக 2015-ல் ஹார்வாத்தும் மார்கன் லெவைனும் எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவில் 75 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்ஐவியோடு வாழ்கிறார்கள், மருந்தின் புண்ணியத்தில் இப்போது முதுமையையும் பார்க்கிறார்கள். நம் டர்பன் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே எச்ஐவி, காசநோய் ஆராய்ச்சிக்கு உலகறிந்த நிலையங்கள் உண்டு. ம்புமலங்காவின் அகின்கோர்ட்டில் 40 வயதைக் கடந்த 5,059 பேரை 2014-லிருந்து தொடர்ந்து கவனிக்கும் ஹால்சி ஆய்வை விட்ஸும் ஹார்வர்டும் நடத்துகின்றன. இந்தக் கடிகாரங்களோ பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் பழகியவை. ஜூலு ஆயாவுக்கும் தமிழ் ஆயாவுக்கும் அவை சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்க இங்கே வளர்ந்த பிள்ளைகள் வேண்டும். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

அப்பாவிடம் சொல்லுங்கள், டாக்டர் வழி மூடவில்லை. டாக்டராகிப் பிறகு ஆராய்ச்சிக்கு வருபவர்கள் நிறைய. தேவைப்படும் பாடங்களும் ஏறக்குறைய ஒன்றேதான்: மேத்ஸ், பிசிகல் சயின்சஸ், லைஃப் சயின்சஸ்.

ஆசை உண்மையானதா என்று பார்க்க ஒரு வேலை கொடுக்கலாம். கோயில் மண்டபத்துக்கு வரும் பெரியவர்களிடம் சம்மதம் எழுதி வாங்கி, சுவரோடு ஒட்டிய நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று குறிக்கட்டும். பக்கத்தில் உடல் பலமுள்ள ஒருவர், விழாமல் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். முதுமை ஆய்வுகளில் நிஜமாகவே பயன்படும் சோதனை இது. வயதைக் கிடை அச்சிலும் வினாடியைச் செங்குத்து அச்சிலும் போட்டு, எக்செல்லில் ஒரு கோடு இழுத்தால், கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் வயதுக்கு மீறிச் சுறுசுறுப்பானவர்கள். ஹார்வாத் செய்ததன் குட்டி வடிவம் அது. முன்கூட்டியே அனுமதி பெற்று, ஆசிரியரிடம் சொல்லி எஸ்காம் எக்ஸ்போ என்ற பள்ளி மாணவர் அறிவியல் கண்காட்சிக்கும் அனுப்பலாம். பத்துப் பேரோடு அலுத்துவிட்டால் அதுவும் நமக்கு ஒரு தகவல்.

இணையத்தில் விற்கும் 'உயிரியல் வயது' சோதனைப் பெட்டியை ஆயாவுக்காக வாங்கிவிடாதீர்கள். அவருக்கு வேண்டியது கால் பரிசோதனையும் ஒழுங்கான சுகர் மாத்திரையும்.

இந்த வாரமே படிவத்தில் மேத்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அவளுடைய கடைசி இரண்டு மேத்ஸ் பேப்பர்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மார்க் அல்ஜீப்ராவில் போகிறதா, ஜியோமெட்ரியில் போகிறதா என்று பார்த்து, எந்த டியூஷன் வேண்டும் என்று சொல்கிறேன்.