வீட்டில் பாடிப் பதிவு செய்த குரலை மிக்ஸ் செய்வது எப்படி? கேள்வி-பதில்

குரல் மிக்ஸிங் (குரலையும் இசையையும் பொருத்திச் சேர்ப்பது) பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "எந்த ப்ளக்-இன் போடலாம்?" என்றுதான் முடிகின்றன. கீழே உள்ள பல பதில்களில் ப்ளக்-இன்னுக்கு, அதாவது மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவிக்கு, பெரிய வேலை இல்லை. உங்களிடம் எந்த மென்பொருள் இருந்தாலும் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

கேள்வி: கரோக்கே ட்ராக் மேல் பாடுகிறேன். என்ன செய்தாலும் குரல் இசையோடு சேராமல், மேலே ஒட்டவைத்த மாதிரி தனியாக நிற்கிறது. ஏன்?

பதில்: கரோக்கே ட்ராக் என்பது மிக்ஸிங், மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான இறுதி மெருகு) எல்லாம் முடிந்து, சத்தத்தை உச்சம் வரை தள்ளி வெளியிட்ட ஒன்று. அதன் அலைவடிவத்தைத் திறந்து பாருங்கள். மேலும் கீழும் சீவிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். உங்கள் குரல் இன்னும் ஏற்ற இறக்கம் குறையாத பச்சைப் பதிவு. இரண்டையும் அப்படியே சேர்த்தால் மென்மையாகப் பாடிய இடம் இசையில் முங்கிவிடும், உச்சத்தில் பாடியது மட்டும் துருத்திக்கொண்டு தெரியும்.

முதலில் ட்ராக்கை 6 முதல் 8 டெசிபல் வரை குறையுங்கள். குரலை ஏற்றிக்கொண்டே போனால் சிவப்பு விளக்கில்தான் போய் நிற்கும். அப்புறம் ட்ராக்கில் ஒரு ஈக்யூ (ஒலியின் ஒவ்வொரு அலைவரிசைப் பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை அகலமாக 2 டெசிபல் இறக்குங்கள். பாட்டில் சொல் புரிவதும் புரியாமல் போவதும் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். கிடாரும் கீபோர்டும் அங்கே கொஞ்சம் வழிவிட்டால் போதும், குரல் தானாக முன்னே வரும். ஈக்யூவில், இடது வலது பக்கங்களை விட்டுவிட்டு ஸ்டீரியோவின் நடுவை மட்டும் தொடும் 'மிட்-சைடு' வசதி இருந்தால் நடுவை மட்டும் குறையுங்கள். குரல் உட்காரப்போவது நடுவில்தான், பக்கவாட்டு இசையைக் கெடுக்க வேண்டியதில்லை.

இனி குரலுக்கு வருவோம். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடலாம். அங்கே இருப்பது மின்விசிறி இரைச்சலும் மைக் ஸ்டாண்டின் அதிர்வும்தான். குரல் அடைத்தாற்போல் இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் தேடுங்கள். மைக்குக்கு மிகக் கிட்டே நின்று பாடினால், கார்டியாய்டு வகை (முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும்) மைக்குகளில் அடிக்குரல் தானாகவே கூடும். அதன் விளைவுதான் இந்த அடைப்பு. மூக்கால் பாடுவது போலிருந்தால் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிப் பாருங்கள்.

இதையெல்லாம் குரலை சோலோவில் போட்டுச் செய்யாதீர்கள். தனியாகக் கேட்கும்போது கனமாக, அழகாக இருக்கிற குரல், இசையோடு சேர்ந்ததும் காணாமல் போகும். பாட்டோடு சேர்த்துப் பார்க்கும்போது சரியாக உட்கார்ந்த குரலை சோலோவில் கேட்டால் கொஞ்சம் மெலிந்தே இருக்கும். அதைக் கேட்டுப் பயந்து மறுபடி கனம் சேர்ப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: பாடும்போது லெவல் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். பாட்டின் மிக உரத்த வரியைப் பாடிப் பார்த்து, அது மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி கெயினை (மைக் ஒலியை உள்வாங்கும் அளவை) வையுங்கள். குறைவாகப் பதிவானதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பதிவிலேயே கிளிப் ஆகி (எல்லை மீறி முனை வெட்டுப்பட்டு) உடைந்த குரலைச் சரிசெய்ய நல்ல வழியே இல்லை.

கேள்வி: என் பதிவில் அறையின் எதிரொலி கேட்கிறது. எடுத்துவிட முடியுமா?

பதில்: ஓரளவுதான். எதிரொலி நீக்கும் ப்ளக்-இன்கள் குரலின் ஓரத்தையும் சேர்த்து அரித்துவிடும். திரும்பப் பாடுவதே மேல். கார்டியாய்டு மைக் முன்பக்கத்தைத்தான் அதிகம் கேட்கும். அதாவது, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் பட்டுத் திரும்புவதெல்லாம் நேராக மைக்குக்குள் போகிறது. அதனால் மைக்குக்குப் பின்னால் ஃபோம் ஒட்டுவதைவிட, உங்களுக்குப் பின்னால் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிடுவது அதிகம் உதவும். மைக்கிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் நில்லுங்கள்.

கேள்வி: கம்ப்ரெஸர் (குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) போட்டால் மூச்சுச் சத்தம் பெரிதாகிறது, குரல் உயிரில்லாமல் தட்டையாகிறது. சரியான எண்கள் என்ன?

பதில்: எண்களுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அது கையால் செய்ய வேண்டியது. பாட்டை வரி வரியாகக் கேட்டு, உரத்த சொல்லை 2 அல்லது 3 டெசிபல் இறக்குங்கள், முங்கும் சொல்லை அதே அளவு ஏற்றுங்கள். மென்பொருளில் இதை கிளிப் கெயின் என்பார்கள். தமிழ்ப் பாட்டுக்கு இது ரொம்பவே அவசியம். 'வந்தது', 'கேட்டு' போன்ற சொற்களின் கடைசி உகரம் இயல்பாகவே குறுகி ஒலிக்கும். பாடும்போது மூச்சும் அந்த இடத்தில்தான் தீரும். இசை சேர்ந்ததும் 'து' விழுங்கப்பட்டு 'வந்த' என்று மட்டும் காதில் விழுகிறது. அந்த ஒரு அசையை மட்டும் வெட்டிப் பிரித்து 3 டெசிபல் ஏற்றிப் பாருங்கள், வரி முழுதாகக் கேட்கும். எந்த கம்ப்ரெஸருக்கும் அந்த 'து' முக்கியம் என்று தெரியாது.

ஒரு பாட்டுக்கு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ பிடிக்கும். சலிப்பாக இருக்கும், ஆனால் கேட்பவருக்கு வரி புரிவது இதில்தான் இருக்கிறது. கூடவே மூச்சுகளையும் 6 டெசிபல் போலக் குறைத்துவிடுங்கள். முழுதாக வெட்ட வேண்டாம், மூச்சே இல்லாத பாட்டு மனிதர் பாடியதாகத் தோன்றாது.

இதற்குப் பிறகு கம்ப்ரெஸருக்குக் கொஞ்ச வேலைதான் மிஞ்சும். ரேஷியோ (எவ்வளவு அழுத்துவது) 3:1, அட்டாக் (எவ்வளவு வேகமாகப் பிடிப்பது) 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் (எவ்வளவு வேகமாக விடுவது) 80 மில்லிசெகண்ட் என்று தொடங்குங்கள். உரத்த இடத்தில் மீட்டர் 4 அல்லது 5 டெசிபல் குறைப்பைக் காட்டும்வரை த்ரெஷோல்டை (அழுத்தம் தொடங்கும் அளவை) இறக்குங்கள். அட்டாக் ரொம்ப வேகமாக இருந்தால் சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் 'க', 'த' மழுங்கிவிடும். அந்தத் தட்டை உணர்வுக்கு முக்கால்வாசி நேரம் காரணம் இதுதான்.

கேள்வி: 'ஸ', 'ச' வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது.

பதில்: 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை டீ-எஸ்ஸர் ('ஸ' போன்ற கூர்மையான ஒலியை மட்டும் அடக்கும் கருவி) போட்டு 4 டெசிபல் குறையுங்கள். அதற்கு மேல் போனால் நாக்குத் தடித்தவர் பாடுவது போலாகிவிடும். இரண்டு மூன்று இடங்களில் மட்டும்தான் குத்துகிறது என்றால் அவற்றைக் கையால் குறைப்பதே சுத்தம். அடுத்த முறை மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வைத்துப் பாடுங்கள்.

கேள்வி: ஆட்டோ-ட்யூன் போட்டதும் சங்கதிகள் எல்லாம் படிக்கட்டு மாதிரி கேட்கின்றன.

பதில்: கருவியின் வேலையே அதுதான். 1997இல் ஆட்டோ-ட்யூன் வந்தது முதல், இவ்வகைக் கருவிகளின் தானியங்கி முறை குரலைப் பக்கத்து ஸ்வரத்துக்கு இழுக்கும். கமகம் ஸ்வரங்களுக்கு நடுவே நடப்பது. அந்த அசைவு ஒரு பிழை என்று நினைத்துக் கருவி நேராக்கிவிடுகிறது. முழுப் பாட்டுக்கும் போடாதீர்கள். நீண்டு நிற்கும் ஸ்வரம் தப்பியிருக்கிற இடத்தை மட்டும் கையால் திருத்துங்கள், சங்கதியைத் தொடாதீர்கள். சங்கதி சரியாக விழவில்லை என்றால் அந்த வரியை இன்னொரு டேக் பாடுவதே நல்லது. திருத்தும் வேலையை கம்ப்ரெஸருக்கும் ரிவெர்ப்புக்கும் (குரலுக்குச் சேர்க்கும் அறை எதிரொலி) முன்னால் முடித்துவிடுங்கள்.

கேள்வி: ரிவெர்ப் எவ்வளவு?

பதில்: தனி ட்ராக்கில் வைத்து, சென்ட் (குரலின் நகலை வேறு ட்ராக்குக்கு அனுப்பும் வசதி) மூலம் குரலை அனுப்புங்கள். ப்ரீ-டிலே 30 மில்லிசெகண்ட் கொடுத்தால் சொல் முதலில் தெளிவாக வந்து, அதன் பின்னால் ரிவெர்ப் வரும். அந்த ரிவெர்ப் ட்ராக்கில் ஒரு ஈக்யூ போட்டு 500 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 8,000க்கு மேலும் வெட்டிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். எவ்வளவு நீளம் என்பதை ட்ராக்கே சொல்லும். இசை திடீரென்று நிற்கும் ஓர் இடத்தைத் தேடி, வாத்தியத்தின் ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கேளுங்கள். உங்கள் குரலும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் அடங்கினால் இரண்டும் ஒரே அறையில் இருப்பதாகத் தோன்றும்.

கேள்வி: பாடியது தாளத்துக்குப் பின்னால் விழுகிறது. தாளத்தில்தான் பாடுகிறேன்!

பதில்: ப்ளூடூத் ஹெட்போனா? அப்படியானால் இசையே உங்களுக்குத் தாமதமாக வந்து சேர்கிறது. ஒயர் உள்ளதற்கு மாறுங்கள். ஏற்கெனவே பாடியதை முழு ட்ராக்காகக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொள்ளலாம்.

கேள்வி: ஹெட்போனில் மட்டும் மிக்ஸ் செய்யலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் சத்தத்தைக் குறைத்து வைத்துச் செய்யுங்கள். சத்தம் கூடக்கூட அடி ஒலியும் உச்ச ஒலியும் காதுக்கு அதிகமாகத் தெரியும் என்பதை ஒலியியல் ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். உரக்க வைத்தால் சுமாரான மிக்ஸும் பிரமாதமாகத் தோன்றும். பேச்சுக் குரலைவிட மெதுவாக வைத்தபோதும் எல்லாச் சொற்களும் புரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு கைபேசி ஸ்பீக்கரில் ஒரு தடவை.

கேள்வி: கடைசியில் எவ்வளவு சத்தமாக வைத்து ஏற்றுமதி செய்வது?

பதில்: யூடியூப், ஸ்பாட்டிஃபை இரண்டும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவைச் சுற்றித்தான் ஒலிக்கவிடுகின்றன. அதைவிட உரத்து அனுப்பினால் குறைத்துவிடுவார்கள், நசுக்கியதன் சேதம் மட்டும் மிஞ்சும். உச்ச அளவு மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் லிமிட்டர் போட்டு அனுப்புங்கள்.