பேனருக்குப் படம் தயார் செய்தல்: கேள்வி பதில்

கேள்வி: பத்தடிக்கு ஆறடி பேனர். படம் எத்தனை டிபிஐ இருக்க வேண்டும்?

பதில்: டிபிஐ என்பது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்சல், அதாவது படப் புள்ளி, என்ற எண். எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள்? அதைச் சொல்லாமல் டிபிஐ கேட்பது, ஆளைக் காட்டாமல் சட்டைக்கு எத்தனை மீட்டர் துணி என்று கேட்பது போல. நல்ல பார்வை உள்ள கண்ணால், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளி வரைதான் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய முடியும். ஒரு மீட்டர் தொலைவில் அது 0.29 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 87 பிக்சல். தூரம் கூடக் கூட இது குறையும். 87-ஐ மீட்டர் கணக்கிலான தூரத்தால் வகுத்துவிடுங்கள். 3 மீட்டருக்கு 29, 10 மீட்டருக்கு 9. வந்ததை இரண்டு மடங்காக்கிக்கொள்வது என் வழக்கம். யாராவது ஒருவர் கிட்டே வந்து மூக்கை நுழைக்கத்தான் செய்வார். பத்தடி தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு 72 தாராளம். உங்கள் அளவுக்கு அது 8640-க்கு 5184 பிக்சல்.

கேள்வி: 300 இல்லாமல் அச்சிடவே கூடாது என்கிறார் எங்கள் வடிவமைப்பாளர்.

பதில்: கையில் வைத்துப் படிக்கும் புத்தகத்துக்கான விதி அது. இதே பேனரை 300-இல் செய்தால் 36,000-க்கு 21,600 பிக்சல். அச்சின் நான்கு மை வண்ணங்களான சிஎம்ஒய்கே-யில் கோப்பு 3 ஜிபியைத் தாண்டும். போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு அகலத்திலோ உயரத்திலோ 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது, அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: என் படம் 72 என்று காட்டியது. போட்டோஷாப்பில் 300 ஆக்கிவிட்டேன். இப்போது சரிதானே?

பதில்: இல்லை. நீங்கள் மாற்றியது ஒரு குறிப்பை மட்டும். அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல் என்று பாருங்கள், அதுதான் படம். அந்த எண்ணும் கூடியிருந்தால், கூடியவை மென்பொருள் ஊகித்துப் போட்டவை.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த புகைப்படத்தைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அதில் உள்ள எழுத்தையோ தலைமுடியின் விளிம்பையோ 400 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். சுற்றிலும் சாம்பல் பொடி சிதறியிருக்கும். கன்னத்தில் 8-க்கு 8 பிக்சல் சதுரங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். படத்தை 20 டிபிஐ வரும் அளவுக்கு இழுத்தால் பேனரில் அந்தச் சதுரம் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால் படமாக வேண்டாம், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு மென்பொருள் நான்கு மடங்கு பெரிதாக்கித் தருகிறதே, அது போதாதா?

பதில்: மேகம், புல், சுவர் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். முகமும் எழுத்தும் வேண்டாம். படத்தில் இல்லாத பல்லையும் இமையையும் அது தானாக வரைந்து வைக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் எந்த மொழியிலும் இல்லாத எழுத்து வரும்.

கேள்வி: பத்தடி தள்ளி நின்றால் நுணுக்கம் தெரியாது என்று சொன்னவர் நீங்கள்தான். பிறகு இமை மாறினால் என்ன?

பதில்: நல்ல மடக்கு. ஆனால் ஒருவரை நாம் அடையாளம் காண்பது இமை மயிரை வைத்து அல்ல. கண்களுக்கு இடையே உள்ள தூரம், உதட்டோரம், தாடை மடிப்பு. பேனரில் முகம் மூன்றடி உயரம். மூலப் படத்தில் அதே முகம் 100 பிக்சல்தான் என்றால், ஒரு பிக்சல் ஊகம் பிசகினால் பேனரில் 9 மில்லிமீட்டர். உதட்டோரம் அவ்வளவு நகர்ந்தால் எதிர்ச்சாரியிலிருந்தே தெரியும். அவருடைய வீட்டாருக்கு முதலில் தெரியும்.

கேள்வி: சாதாரண முறையில் பெரிதாக்கினால் மங்கல்தானே மிச்சம்?

பதில்: மங்கினாலும் அது அவர் முகம். மேலே மென்பொருளில் லேசாக மணற்பொடி போன்ற புள்ளிகளைத் (நாய்ஸ்) தூவிவிட்டால் மங்கல் கண்ணை உறுத்தாது.

கேள்வி: இதெல்லாம் பேச நன்றாக இருக்கிறது. வாடிக்கையாளர் மங்கலை ஏற்க மாட்டார். நான் மென்பொருளில்தான் செய்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

பதில்: மூலம் ஓரளவு பெரிதாக இருந்திருக்கும், அப்போது ஊகத்துக்கு வேலை குறைவு. பிழைப்பு நடக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே ஒரு வழி: போட்டோஷாப்பில் மென்பொருள் தந்ததைக் கீழ் அடுக்கிலும் (லேயர்), சாதாரணமாகப் பெரிதாக்கியதை மேல் அடுக்கிலும் வையுங்கள். மேல் அடுக்கில் முகத்தை மட்டும் தெரிய விட்டு, மற்றதை மறைத்துவிடுங்கள். உடையும் பின்னணியும் கூர்மையாக இருந்தால் முகத்தின் மென்மை தெரியாது.

கேள்வி: எட்டடிக்கு நாலடி பேனருக்கு எத்தனை டிபிஐ?

பதில்: முதல் பதில். தூரம்தான் கணக்கு, அடி அல்ல.

கேள்வி: வாசலில் வைக்கும் ஆளுயரப் பேனருக்கு?

பதில்: இது வேறு. ஒன்றரை மீட்டரில் நின்று படிப்பார்கள். 120 வையுங்கள், சின்ன எழுத்து நிறைய இருந்தால் 150.

கேள்வி: திரையில் பளிச்சென்ற நீலம், அச்சில் ஊதாவாகிவிட்டது.

பதில்: திரையின் அந்த நீலம் மையில் கிடையாது. சயான் என்ற வெளிர்நீல மையும் மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மையும் கிட்டத்தட்டச் சம அளவில் சேர்ந்தால் ஊதாதான் வரும். மெஜந்தாவைச் சயானைவிட 30 விழுக்காட்டுப் புள்ளியாவது குறைத்து வையுங்கள். அச்சகத்தின் வண்ணக் கோப்பு (ஐசிசி புரொஃபைல்) கிடைத்தால் அதைக் கொண்டு மாற்றுங்கள். பெரிய கருப்புப் பரப்புக்குக் கருப்பு மை மட்டும் போட்டால் வெளுத்துக் கிடக்கும்: சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 விழுக்காடு வையுங்கள். நான்கையும் நூறாக வைக்காதீர்கள், மை காயாது.

கேள்வி: இருபதடி பேனர். இல்லஸ்ட்ரேட்டர் ஏற்க மறுக்கிறது.

பதில்: அந்த வரைகலை மென்பொருளில் வழக்கமான வரைபலகையின் (ஆர்ட்போர்டு) எல்லை 227 அங்குலம். பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யுங்கள். அங்கே 720 டிபிஐ என்றால் அச்சில் 72. எந்த விகிதம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றிவிட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் அச்சகத்தின் கணினியில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். ஓரத்தில் மூன்று அங்குலம் எதுவும் எழுதாமல் விடுங்கள். மடிப்பும் கயிற்று வளையமும் அங்கேதான் வரும்.

கேள்வி: எந்தத் தடிமனில் துணி வாங்கலாம்?

பதில்: அச்சகத்தாரைக் கேளுங்கள். நான் கோப்பு வரைக்கும்தான்.

கேள்வி: படத்தை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா என்று பார்த்துச் சொல்வீர்களா?

பதில்: அதில் அனுப்பினால் போதாது என்றுதான் சொல்வேன்.

கேள்வி: அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: பேனரின் முழு அளவிலேயே முகத்தில் ஒரு துண்டு, மிகச் சிறிய எழுத்து வரும் இடத்தில் ஒரு துண்டு, இரண்டையும் ஏ4 தாளில் அச்சிடுங்கள். சுவரில் ஒட்டி, பார்க்கப்போகும் தூரத்தில் போய் நில்லுங்கள். வண்ணத்தை அந்தத் தாளில் நம்பாதீர்கள். கூர்மைக்கு மட்டும்தான் இது. தேறவில்லை என்றால் மூலப் படத்தைத் தேடுங்கள், அல்லது முகத்தைச் சிறிதாக்குங்கள்.