ஸ்பைடர்-மேனுக்குக் கோடு உண்டு, அயர்ன் மேனுக்கு இல்லை: சூப்பர்ஹீரோ பெயர்கள், கேள்வி பதில்

பெரம்பூர் முதல் திருவொற்றியூர் வரை பேனர் அடிப்பவர்கள், டீ-சர்ட் அச்சிடுபவர்கள், ஆசிரியர்கள், காமிக்ஸ் சேர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள். ஆங்கிலத்தில் எழுதும் முறை வேறு, அதே பெயரைத் தமிழில் எழுதும்போது வரும் சிக்கல் வேறு.

டீ-சர்ட் அச்சுக்கடை, பழைய வண்ணாரப்பேட்டை: அண்ணா, ஸ்பைடர்மேன் பெயரில் ஹைஃபன் இல்லைன்னு ஒரு கஸ்டமர் பீஸைத் திருப்பிட்டார். அவ்வளவு முக்கியமா அது?

கஸ்டமர் சொன்னதுதான் சரி, தம்பி. ஆங்கிலத்தில் ஸ்பைடர், ஹைஃபன், மேன். கோட்டுக்குப் பின்னால் வரும் 'எம்' எழுத்தும் பெரிய எழுத்துதான். 1938 முதல் கடைகளில் இருந்த சூப்பர்மேனோடு குழம்பிவிடக் கூடாது என்றுதான் கோடு போட்டதாக, ஸ்பைடர்-மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டான் லீயே சொல்லியிருக்கிறார். 1962-ல் வந்த முதல் கதையிலேயே சில இடங்களில் கோடு விட்டுப்போயிருக்கிறது, அது வேறு விஷயம்.

வினைல் வெட்டி ஒட்டுகிறீர்களா? ஹைஃபன் தனித் துண்டு. வேண்டாத வினைலை உரிக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடும், பிரஸ் பண்ணி முடித்த பிறகுதான் கண்ணில் படும். கோட்டை 3 மி.மீ.க்குக் குறையாத தடிமனில் வையுங்கள். அதைச் சுற்றியுள்ள பகுதியைக் கடைசியில், கோட்டின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டு உரியுங்கள். இன்னொன்று: அனுமதியில்லாமல் லோகோவை அச்சிட்டு விற்றால் வர்த்தக முத்திரைச் சிக்கல் வரும். எழுத்துப்பிழையைத் திருத்தினால் அது தீராது.

கல்லூரி மாணவர், கொளத்தூர்: எதற்குக் கோடு, எதற்கு இடைவெளி, எதைச் சேர்த்து எழுதுவது? ஏதாவது ரூல் இருக்கிறதா?

கிடையாது. மார்வெல், டி.சி. இரண்டும் அமெரிக்க காமிக்ஸ் பதிப்பகங்கள். மார்வெலில் ஸ்பைடர்-மேன், ஆன்ட்-மேன், ஷீ-ஹல்க், ஸ்டார்-லார்ட் எல்லாம் கோட்டோடு வரும். அதே மார்வெலில் அயர்ன் மேன் இரண்டு சொல், கோடில்லை. டி.சி.யில் சூப்பர்மேன், பேட்மேன், அக்வாமேன், கேட்வுமன் ஒரே சொல். ஆனால் வொண்டர் வுமன் இரண்டு சொல். பேட்மேனுக்கும் 1939-ல் வந்த முதல் கதையில் கோடு இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். ஆக, ஒலியை வைத்து ஊகிக்காதீர்கள், பதிப்பாளர் எழுதுவதைப் பாருங்கள். அட்டை லோகோவையும் நம்ப வேண்டாம். முழுக்கப் பெரிய எழுத்தில், இரண்டு வரியாக உடைத்து, கோட்டை டிசைனுக்குள் மறைத்திருப்பார்கள். புத்தகத்தின் உள்ளே பொடி எழுத்தில் பதிப்புரிமை விவரம் இருக்கும் பாருங்கள், அதில் உள்ள எழுத்துமுறைதான் கணக்கு.

பேனர் டிசைனர், வியாசர்பாடி: பிறந்தநாள் பேனரில் இடம் பத்தவில்லை. 'ஸ்பைடர்' மேலே, 'மேன்' கீழே வருகிறது. கோடு எங்கே?

மேல் வரியின் கடைசியில். கீழ் வரி கோட்டோடு தொடங்கக் கூடாது. பெயர் உடையவே கூடாது என்றால், வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஹைஃபன் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரி முடிவில் பிரியாத ஹைஃபன் விழும். பாமினி எழுத்துருவில் தட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். அதில் காற்புள்ளி விசை 'இ' ஆகவும், அரைப்புள்ளி விசை மெய்யெழுத்தின் புள்ளியாகவும் விழும். ஆங்கிலப் பெயரையும் அதன் குறிகளையும் தனியாகத் தேர்ந்தெடுத்து ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் பிரிண்டுக்கு அனுப்புங்கள்.

தமிழாசிரியை, தண்டையார்பேட்டை: பிள்ளைகள் 'ஸ்பைடர்-மேன்-க்கு', 'எக்ஸ்-மெனை' என்றெல்லாம் எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?

கோடு பெயருக்குள் மட்டும்தான், டீச்சர். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிவிடணும்: ஸ்பைடர்-மேனை, ஸ்பைடர்-மேனுக்கு, ஸ்பைடர்-மேனின். 'மேன்' நெடில் என்பதால் 'மீனுக்கு' என்பதில் உள்ளதுபோல ஒற்றை னகரம் போதும். 'மென்' அப்படியில்லை. தனிக்குறில் முன் ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். ஆகவே எக்ஸ்-மென்னை, எக்ஸ்-மென்னுக்கு.

வல்லினமும் வழக்கம்போலத்தான். பேட்மேனைப் பிடித்தார்கள், பேட்மேனுக்குத் தெரியும் என்று இரண்டாம், நான்காம் வேற்றுமை விரிகளில் மிகும். 'பேட்மேன் கார்' என்பதில் மிகாது. ஹல்க் கொஞ்சம் தொல்லை பிடித்த பெயர். 'ஹல்குக்கு' என்றால் 'கு' மெலிந்து ஒலிக்கும். 'ஹல்க்குக்கு' என்று எழுதச் சொல்லுங்கள்.

கால்பந்து அணி, வியாசர்பாடி: ஜெர்சியில் 'எக்ஸ்-மென்ஸ்' என்று போடலாமா, ணா?

வேண்டாம். 'மென்' என்பதே பன்மை. ஒரு ஆளுக்கு மட்டும் 'எக்ஸ்-மேன்' என்று போட்டாலும் சிக்கல்தான், அந்தப் பெயரில் 1995 முதல் தனிப் பாத்திரமே இருக்கிறது.

பழைய காமிக்ஸ் சேர்ப்பவர், ராயபுரம்: விற்பனைப் பட்டியலில் 'இரும்புகை மாயாவி' என்று போடுகிறார்கள். 'க்' அவசியமா?

அவசியம். 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியை வைத்துத்தான். ஒற்றை விட்டால் இரும் புகை என்றாகிவிடும், ஆள் அடுப்படியிலிருந்து வந்தவர் ஆகிவிடுவார். இணையத்தில் பழைய பிரதி தேடும்போது மட்டும் இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள். பிழையோடு போட்டவரிடமும் நல்ல பிரதி இருக்கும்.

நூலக வாசகர், பெரம்பூர்: டி'சாலா (பிளாக் பாந்தர்), ரா'ஸ் அல் கூல் (பேட்மேனின் எதிரி) போன்ற பெயர்களில் நடுவில் உள்ள குறி?

பெயரின் பகுதி, விடக் கூடாது. ரா'ஸ் என்பதில் உள்ளது உடைமைக் குறி அல்ல. அரபியில் 'தலை' என்ற சொல் அது. தமிழில் எழுதும்போது ஒரு பொறி உண்டு: பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டால் 'டி' என்பதோடு மேற்கோள் முடிந்ததாகத் தெரியும். வெளியே இரட்டை மேற்கோள் போடுங்கள்: "டி'சாலா".

அதே வாசகர்: ஷஸாமுக்கு ஆச்சரியக்குறி?

இதழின் தலைப்புக்கு உண்டு, பாத்திரத்துக்கு இல்லை. 1940-ல் வந்தபோது இந்த வீரனின் பெயர் கேப்டன் மார்வெல். அந்த வர்த்தக முத்திரை மார்வெல் கைக்குப் போனதால், டி.சி. 1973-ல் இதழை ஷஸாம்! என்ற தலைப்பில் வெளியிட்டது. தலைப்போடு வாக்கியம் முடிந்தால் ஆச்சரியக்குறிக்குப் பிறகு முற்றுப்புள்ளி போடாதீர்கள்.

வினாடி வினா நடத்துபவர், திருவொற்றியூர்: பதிப்பாளரே பிழை விட்டதற்கு உதாரணம்?

1963-ல் வந்த ஸ்பைடர்-மேன் தனி இதழின் முதல் எண்ணில் பீட்டர் பார்க்கர் சில இடங்களில் 'பீட்டர் பால்மர்' ஆகியிருக்கிறார். ஹல்க்காக மாறும் ப்ரூஸ் பேனரும் ஒரு கதையில் 'பாப் பேனர்' ஆனார். அதைச் சமாளிக்கத்தான் ராபர்ட் ப்ரூஸ் பேனர் என்று முழுப்பெயர் வைத்தார்கள். கேள்வியாகக் கேட்டால் இரண்டுக்குமே மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்.